ராஸ்பெர்ரி ஷேக்: 1டி, 3டி, 4டி மூன்றில் எதை வாங்குவது, எங்கே வைப்பது

ராஸ்பெர்ரி ஷேக், வீட்டிலேயே வைக்கக்கூடிய சிறிய நிலநடுக்கப் பதிவுக் கருவி. அதை வாங்கப் போகிறவர்களைக் குழப்புவது மாடலின் பெயர். வரிசையைப் பார்த்தால் 4டி-தான் உசத்தி என்று தோன்றும். அப்படியில்லை. 1டி-யில் மேல்-கீழ் அசைவை மட்டும் பிடிக்கும் ஒரு ஜியோஃபோன் (தரையின் அதிர்வை மின்னழுத்தமாக்கும் உணரி). 3டி-யில் மூன்று: செங்குத்து, வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு. 4டி-யில் அதே ஒற்றை ஜியோஃபோனோடு, செல்போனில் இருப்பது மாதிரியான சில்லு முடுக்கமானிகள் மூன்று திசைக்கும் உண்டு. அந்தச் சில்லுகளின் சொந்த இரைச்சலே அதிகம்; மெல்லிய அதிர்வு அதற்குள் மூழ்கிவிடும். பக்கத்திலேயே பலமாக ஆடி, ஜியோஃபோன் பதிவின் உச்சி வெட்டுப்படும் இடங்களுக்குத்தான் 4டி. படிக்கவும் கற்றுக்கொடுக்கவும் 3டி-தான் சரி.

காரணம் எஸ் அலை: நடுக்கத்திலிருந்து முதலில் வந்து சேரும் பி அலைக்குப் பின்னால் வருவது. அது தரையைப் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டும். செங்குத்து ஜியோஃபோனில் அது பி அலையின் வாலுக்குள் ஒளிந்துகொள்ளும். தொடக்கத்தைத் தவறவிட்டு ஓரிரு விநாடி தள்ளிக் குறிப்பது 1டி வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பூமியின் மேலோட்டில் பி அலை விநாடிக்குச் சுமார் 6 கி.மீ., எஸ் அலை 3.5 கி.மீ. போகும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான ஒவ்வொரு விநாடிக்கும் 8 கி.மீ.க்குச் சற்று மேல் தூரம். இடைவெளி 12 விநாடி என்றால் குவியம் (நடுக்கம் பிறந்த இடம்) ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவில். இரண்டு விநாடி தள்ளிக் குறித்தால் 17 கி.மீ. கூடிவிடும்.

இந்தக் கணக்கு சில நூறு கி.மீ. வரைதான் செல்லும். அதற்கு மேல் அலைகள் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மூடகத்துக்குள் இறங்கி வேகமெடுக்கின்றன. 60 பாகை தொலைவில், அதாவது சுமார் 6,700 கி.மீ.யில், பி அலை 10 நிமிடத்திலும் எஸ் அலை 18 நிமிடத்திலும் வரும். அந்த 8 நிமிடத்தை மேலே சொன்ன விதியில் போட்டால் 4,000 கி.மீ. என்றுதான் விடை வரும். தொலைதூர நடுக்கத்துக்குப் பயண நேர அட்டவணை வேண்டும்.

கருவியின் பெரிய குறை அதன் ஜியோஃபோனிலேயே இருக்கிறது. உள்ளே சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். காந்தம் தரையோடு ஆட, சுருள் பின்தங்க, அந்த வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். இயல்பு அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் மின்னழுத்தம் கால்பங்காகும். 1 ஹெர்ட்ஸில் இருபதில் ஒரு பங்கு. 20 விநாடிக்கு ஒருமுறை ஆடும் மேற்பரப்பு அலைக்கு எட்டாயிரத்தில் ஒரு பங்கு. மின்சுற்று 1 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வரை ஈடுகட்டிவிடுகிறது, அதற்கப்பால் அதனாலும் முடியாது. பாடநூல் படத்தில் உருண்டு வருமே அந்த நீளமான மேற்பரப்பு அலை, மிகப் பெரிய நடுக்கம் தவிர மற்றவற்றில் இங்கே தெரியாது. தொலைதூரப் பி அலை தெரியும்: 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிப் பாருங்கள். பக்கத்து நடுக்கத்துக்கு 2 முதல் 10.

ஒற்றைக் கருவியிலிருந்து, பாறை நழுவி நடுக்கம் உண்டான பிளவைப் பற்றிக் கிடைக்கும் ஒரே துப்பு பி அலையின் முதல் அசைவு. மேலே எழும்பினால் தரை உங்கள் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. கீழே இறங்கினால் இழுக்கப்பட்டிருக்கிறது. பிளவு எந்தப் பக்கம் சாய்ந்து எப்படி நழுவியது என்று சொல்ல, குவியத்தைச் சுற்றிப் பல நிலையங்களின் முதல் அசைவு தேவை. மற்ற ஷேக் கருவிகளின் தரவும் இணையத்தில் பொதுவில் கிடைப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. விலைக்கு நியாயம் சொல்வதும், என் கணக்கில், இந்த ஒரு வசதிதான்.

வைக்கும் இடம் சொதப்பினால் எந்த மாடலும் வீண். தரைத்தளம், வெறும் கான்கிரீட் தரை, சுவரோர மூலை. மேசை, அலமாரி, கம்பளம் கூடவே கூடாது. மாடி வேண்டாம், கட்டடத்தின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். மூன்று கால்களையும் திருகி, நீர்மட்டக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கேபிளை விறைப்பாக இழுக்காமல் தரையில் ஒரு சுற்று விட்டுச் செருகுங்கள். நடப்பவர் காலடி அரை விநாடிக்கு ஒரு முள்ளாக விழும், எளிதில் அடையாளம் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் பக்கத்தில் இருந்தால், எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் பலமாக இருந்தது என்று காட்டும் அலைமாலைப் படத்தில் 25 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே விடாமல் ஒரு கோடு ஓடும்.

3டி-யை வடக்கு பார்த்து வைக்க வேண்டும். திசைகாட்டியைக் கருவியின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள். ஜியோஃபோன் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும். முதலில் தரையில் கோடு போட்டுவிட்டு, பிறகு கருவியைக் கொண்டுவந்து அதன்மேல் பொருத்துங்கள்.

நேரம் இணையத்திலிருந்து வருகிறது. இணையம் போய்க் கடிகாரம் நழுவினாலும் மேலே சொன்ன இடைவெளிக் கணக்கு கெடாது, இரண்டு அலையும் ஒரே கடிகாரத்தில் பதிவாவதால். மற்ற நிலையங்களோடு சேர்த்து மையத்தைத் தேடும்போதுதான் ஒரு விநாடிப் பிழை 6 கி.மீ.யாக வந்து நிற்கும். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் யூபிஎஸ் அவசியம்: எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம், அதிலிருக்கும் பதிவும் போய்விடலாம்.