மனச்சோர்வுக்கு முதலில் யாரிடம் போவது?

நம் வீடுகளில் மனச்சோர்வு ‘எனக்கு மனசு சரியில்லை’ என்ற சொல்லோடு வருவது அரிது. தலைபாரம், வாயுத்தொல்லை, உடல் அசதி, நெஞ்சுப் படபடப்பு என்ற பெயர்களில்தான் அது பெரும்பாலும் வந்து சேர்கிறது. என் சித்தி ஏறத்தாழ ஓராண்டு காலம் வயிற்றெரிச்சல் என்று சொல்லி, எண்டோஸ்கோப்பி வரை எல்லாப் பரிசோதனைகளும் செய்துகொண்டார். அவர் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து இருட்டில் உட்கார்ந்திருந்ததையும், வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிட்டதையும், பேரன் வந்தால்கூட முகம் மலராததையும் நாங்கள் தனித்தனியாகக் கவனித்தோமே தவிர ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. அந்தத் தவற்றை மற்றொரு குடும்பம் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே, நம்முன் இருக்கும் வழிகளை இங்கே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கவலை எல்லோருக்கும் உண்டு. ஆனால் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நாளின் பெரும்பகுதியில், அநேகமாக நாள்தோறும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, அதனுடன் தூக்கமும் பசியும் மாறி, கவனம் சிதறி, ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற எண்ணமும் சேர்ந்தால், அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கக்கூடும். இதை அளந்தறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் உண்டு. அதன் மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இது நோயை உறுதிசெய்யும் சோதனை அன்று. எந்த வழியில் போவது என்று காட்டும் கருவி.

குடும்ப மருத்துவர், மனநல மருத்துவர் ஆகிய இருவரில், முதல் தடவைக்குக் குடும்ப மருத்துவரையே நான் பரிந்துரைப்பேன். அவரிடம் போகக் கூச்சம் தேவையில்லை, காத்திருப்பும் குறைவு. அதைவிட முக்கியமாக, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால் அவற்றை இரத்தப் பரிசோதனையில் அவர் கண்டறிந்துவிடலாம். ஆனால் அவரிடம் ‘தூக்கம் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால், சில இடங்களில் தூக்க மாத்திரையோடு உரையாடல் முடிந்துவிடுகிறது. அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை. அவை மனச்சோர்வைத் தீர்ப்பதுமில்லை. ஆகவே ‘இது மனச்சோர்வாக இருக்குமா, டாக்டர்?’ என்று நாமே வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். முன்பு எப்போதாவது அளவுகடந்த உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாள்களும் இருந்தாலோ, காதில் குரல்கள் கேட்டாலோ, பிரசவத்திற்குப் பிந்திய வாரங்களாக இருந்தாலோ, இந்த முதல் படியைத் தாண்டி நேரே மனநல மருத்துவரிடம் போவதே சரி. அளவுகடந்த உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் இருப்பவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும்.

மாத்திரையா, பேச்சு வழிச் சிகிச்சையா என்பதுதான் மக்கள் அதிகம் குழம்பும் இடம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் எம்.ஃபில். அளவில் பயின்று இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர், பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர். ‘கவுன்சலர்’ என்று பலகை வைப்போர் எல்லோரும் ஒரே பயிற்சி பெற்றவர்கள் அல்லர் என்பதால் பதிவு பற்றிக் கேட்பதில் தவறில்லை. இலேசான சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். ஆனால் வாரம் ஒரு முறை வீதம் பன்னிரண்டு, பதினாறு அமர்வுகள் வரை ஆகும், சிற்றூர்களில் ஆள் கிடைப்பதும் கடினம். சோர்வு கடுமையாக இருக்கும்போது, எழுந்து குளிக்கவே முடியாத ஒருவரைப் பேசச் சொல்வதில் பயனில்லை. அங்கே மருந்தோடு தொடங்கி, சற்றுத் தெளிந்த பின் பேச்சையும் சேர்ப்பதே பலன் தருகிறது. எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடக்கூடும். பலர் மருந்தைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்பதையும், மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்தக்கூடாது என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழும் ஆலோசனையும் மருந்தும் இலவசம். கூட்டமும் குறைந்த நேரமும் அவற்றின் குறைகள். தனியாரிடம் நேரம் கிடைக்கும், செலவு மாதக்கணக்கில் தொடரும். செலவுக்காக நடுவில் நிறுத்த நேருமென்றால் அரசு மருத்துவமனையே மேல்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் மருத்துவத்துக்குப் போட்டியாகப் பார்க்கவில்லை. சித்திக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு ஆறுதல் தந்தது. மருந்தைத் தடுத்தால்தான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தது, வழிபாட்டையே சிகிச்சையாக்கியதன் விலை. பின்னாளில் அந்த ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மருத்துவமும் சேர்த்து வழங்கப்பட்டது.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் மேற்சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உண்டு. ஆனால் தொலைபேசி, கூட இருக்கும் மனிதருக்கு ஈடாகாது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நாமே அழைத்துச் செல்ல வேண்டும்.