மதுரைக்கு ஒரு ரேட், கொடைக்கானலுக்கு ஒரு ரேட்: எங்கள் பெயின்டிங் மேஸ்திரி பற்றி

ஒரே மேஸ்திரிக்கு ஒரு வருஷத்தில் மூன்று இடத்தில் வேலை கொடுத்தோம். மதுரை வில்லாபுரத்தில் நாங்கள் இருக்கும் வீடு, திருமங்கலத்தில் கடை, கொடைக்கானலில் மாமியார் வீடு. மூன்றுக்கும் மூன்று கணக்கு சொன்னார். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, அதே ஆள், அதே பிரஷ், எதற்கு வேறு கூலி என்று. இப்போது அந்தக் கணக்குக்காகவே அவரைக் கூப்பிடச் சொல்கிறேன்.

வில்லாபுரத்தில் பெயின்டருக்கு 1,000, ஹெல்பருக்கு 700. இரண்டு இரண்டு பேர், ஆக ஒரு நாளைக்கு 3,400. திருமங்கலத்துக்கும் கூலி அதேதான், இரண்டு பைக்குக்கு பெட்ரோல் காசு 200 மட்டும் சேர்த்தார். இதில் பேச ஒன்றுமில்லை.

கொடைக்கானலுக்குத்தான் ஒரு நோட்டில் முழுசாக எழுதிக் காட்டினார். தலைக்கு 150 கூடுதல் கூலி, சாப்பாட்டுக்குத் தலைக்கு 250, தங்குவதற்கு வீட்டிலேயே ஒரு அறை, போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் அரை சம்பளம். பயணத்துக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டேன். "அக்கா, அன்னைக்கு அவங்க வேற எங்கயும் வேலைக்குப் போக முடியாதுல்ல" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-இல் வந்த சட்டத்திலேயே பயண நாட்களுக்குச் சம்பளம், போக வர டிக்கெட் காசு இரண்டும் இருந்தன. மதுரையிலிருந்து மலையேறும் ஆளுக்கு அந்தச் சட்டம் பொருந்தியிருக்காது, ஆனால் நியாயம் அதே நியாயம்தானே.

அங்கே ஏழாயிரம் அடி உயரம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் வெளிச்சுவரில் கை வைக்க முடியாது, பெயின்ட்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டி காய்வதற்கும் கீழே ஆவதைவிட அதிக நேரம் ஆகிறது. அதனால் மழை பெய்தால் என்ன கணக்கு என்பதையும் முன்கூட்டியே பேசியிருந்தார்: மதியத்துக்கு முன் வேலை நின்றால் அரை நாள் கூலி, அதற்கு மேல் நின்றால் முழு நாள், சாப்பாட்டுக் காசு எப்படியும் உண்டு. ஆறு நாளில் ஒரு நாள் பதினொரு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது, அரை நாள்தான் எழுதினார். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டி போக இ-பாஸ் வேண்டுமல்லவா, லோடு வண்டிக்கு அதையும் அவரே எடுத்துவிட்டார்.

கூலி, சாப்பாடு, பயண நாட்கள் சேர்த்து 31,400, லோடு வண்டி, பஸ் காசு 6,100, மொத்தம் 37,500. இதே வேலைக்கு இன்னொரு காண்ட்ராக்டர் தலைக்கு 1,800 என்று ஒரே வரியில் சொன்னார், ஆறு நாளைக்கு 43,200 வரும். அதில் சாப்பாடு உண்டா, மழை நாளுக்கு என்ன என்று கேட்டதற்கு "எல்லாம் அதுல அடங்கிடும் மேடம்" என்றாரே தவிர, பிரித்துச் சொல்லவில்லை. உண்மையில் அந்த 1,800-இல் பெயின்டர் கைக்கு எவ்வளவு போகும் என்பதுதான் என் கவலை. எங்கள் மேஸ்திரி சனிக்கிழமை சாயங்காலம் என் கண் முன்னாலேயே நாலு பேருக்கும் எண்ணிக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. சாரம் கட்ட அங்கேயே வாடகைக்குக் கம்பு எடுக்க வேண்டியிருந்தது, அது நோட்டில் இல்லை, இரண்டாம் நாள்தான் சொன்னார். அந்த 2,000-ஐ நாங்கள்தான் தனியாகக் கொடுத்தோம். பிறகு ஒரு ஹெல்பர் காய்ச்சலில் படுத்த நாளையும் கணக்கில் சேர்த்திருந்தார். சாப்பாட்டுக் காசை மட்டும் வைத்துக்கொண்டு கூலியைக் கழியுங்கள் என்றதும், முகம் சுளிக்காமல் கழித்துவிட்டார். வேலை சுத்தம், தரையில் ஒரு சொட்டு பெயின்ட் இல்லை.

தை மாதம் தேனியில் நாத்தனார் வீட்டு வேலை இருக்கிறது. தங்கவேண்டுமா, தினம் போய் வரமுடியுமா என்று வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ரேட் சொல்வேன் என்றிருக்கிறார். இந்த முறை சாரத்தையும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டேன்.