ஸ்குவிடா, நியூட்ரானா, ராமனா? ஓர் இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டின் காந்தம்

லாந்தனம் நிக்கல் மாங்கனேட்டை ஃபிரிட்ஜில் வைத்தாலே காந்தமாகிவிடும். இரண்டு வகை உலோக அணுக்கள் மாறிமாறி அமரும் படிகம் இது; அதுதான் இரட்டைப் பெரோவ்ஸ்கைட். இதன் கியூரி வெப்பநிலை, அதாவது எதற்குக் கீழே போனால் காந்தமாகுமோ அந்த எல்லை, சுமார் 280 கெல்வின், நம் கணக்கில் 7 டிகிரி செல்சியஸ். மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத ஒரு பொருள் இவ்வளவு வெப்பநிலை வரை ஃபெர்ரோகாந்தமாக இருப்பது அபூர்வம். சரி, அந்தக் காந்தத்தை எதைக் கொண்டு பார்ப்பது?

தூள் கையில் இருந்தால், மாதிரியின் மொத்தக் காந்தத்தை அளக்கும் ஸ்குவிட் காந்தமானிதான் முதலில். சில மில்லிகிராம் போதும். நிக்கலும் மாங்கனீசும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்காக அமர்ந்திருந்தால், ஒரு வாய்ப்பாட்டு அலகுக்கு நிக்கல் 2, மாங்கனீசு 3 என மொத்தம் 5 போர் மேக்னட்டான் (அணுக்காந்தத்தை அளக்கும் அலகு) வர வேண்டும். குறைந்தால் அணுக்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். அதற்கு மேல் ஸ்குவிட் பேசாது.

சந்தேகத்தைத் தீர்க்க, மாதிரியில் நியூட்ரான்களைச் சிதறவிட்டுப் பார்க்க வேண்டும். எக்ஸ் கதிருக்கு அணு எண் 28-ம் 25-ம் ஏறக்குறைய ஒன்றுதான். நியூட்ரானுக்கோ மாங்கனீசின் சிதறல் நீளம் (அணு நியூட்ரானைச் சிதறடிக்கும் வலு) எதிர்க்குறி, நிக்கலுடையது நேர்க்குறி; இரண்டும் பளிச்சென்று பிரியும். ஸ்பின்கள், அதாவது அணுக்களின் குட்டிக் காந்தங்கள், எப்படி அமைந்திருக்கின்றன என்பதும் கிடைக்கும். ஆனால் கிராம் கணக்கில் மாதிரி வேண்டும், அணு உலையில் நேரம் கேட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

லேசர் ஒளி சிதறுவதை வைத்து அணுக்களின் அதிர்வைப் பார்ப்பது ராமன் முறை; அது காந்தத்தை நேரடியாக அளப்பதே இல்லை. எத்தனை மேக்னட்டான் என்று அதனிடம் கேட்காதீர்கள். உலோக அணுவைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் எண்முகி மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வு, 670 செ.மீ⁻¹ (அதிர்வெண்ணைச் சொல்லும் அலகு) பக்கத்தில் வலுவான கோடாக வரும். குளிர்விக்கக் குளிர்விக்க அதன் அதிர்வெண் மேலே ஏறும். கியூரி வெப்பநிலைக்குக் கீழே போனால் ஏற்றம் நின்று, இறங்கத் தொடங்கும். ஸ்பின்கள் ஒன்றோடொன்று பேசுவது நிக்கல்–ஆக்சிஜன்–மாங்கனீசு பாலம் வழியாக. இந்த அதிர்வு ஆட்டுவதும் அதே பாலத்தைத்தான். ஸ்பின்கள் ஒரே பக்கம் திரும்பிவிட்டால் பாலத்தின் விறைப்பு மாறுகிறது. வழக்கமான ஏற்றத்திலிருந்து கோடு இப்படி விலகுவது காந்தமாக்கத்தின் இருபடியைப் பின்தொடர்கிறது என்று 1999-ல் கிரனாடோ குழுவினர் லாந்தனம் மாங்கனேட்டில் காட்டினார்கள். நகர்வு சில செ.மீ⁻¹ மட்டுமே. ஆனால் காந்தம் படிகக்கூட்டை எப்படித் தொடுகிறது என்பதை ஸ்குவிட் ஒருநாளும் சொல்லாது.

கவனம் தேவை. லேசரே மாதிரியைச் சூடாக்கிவிடும். குளிர்விக்கும் கருவியான கிரையோஸ்டாட் காட்டும் வெப்பநிலையை அப்படியே நம்பினால் கணக்கு தப்பும். ஸ்டோக்ஸ், எதிர்-ஸ்டோக்ஸ் கோடுகளின் (லேசரைவிட ஆற்றல் குறைந்தும் கூடியும் சிதறும் ஒளியின்) விகிதத்தை வைத்துச் சரிபார்ப்பது நல்லது. அப்புறம், அருகருகே உள்ள ஸ்பின்களுக்குள் மட்டும் வரும் குறுந்தூர ஒழுங்கால் விலகல் கியூரி வெப்பநிலைக்கு மேலேயே தொடங்கிவிடலாம். அதனால் வளைவு திரும்பும் இடத்தையே கியூரி வெப்பநிலை என்று எழுதிவிடக் கூடாது.

மெல்லிய படலம் என்றால் என் ஓட்டு ராமனுக்கு. 100 நானோமீட்டர் படலம் அரை மில்லிமீட்டர் அடித்தளத்தில் கிடக்கும்போது, ஸ்குவிட் அளக்கும் சமிக்ஞையில் அடித்தளத்தின் பங்கும் கலந்துவிடும். அதைக் கழிப்பது தலைவலி. ராமனுக்கோ ஒரு மைக்ரோமீட்டர் புள்ளி போதும். என்ன, எல்லோரும் விரும்பும் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் அடித்தளம் 600–700 செ.மீ⁻¹ பகுதியிலேயே அகலமான மேடு ஒன்றை எழுப்பும், சரியாக நமக்கு வேண்டிய கோட்டின் மேலேயே.