டோக்கியோவில் வாள்வித்தை கற்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

“பல நூற்றாண்டுப் பழமையான சாமுராய் வாள்வித்தை, ஆங்கிலத்திலேயே கற்றுத் தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் ஒரு கூடத்தில் பணம் கட்டி ஏமாந்தவர்களின் கதை இது. பெயர் போடவில்லை. இதே பாணியில் கடை விரித்திருப்பவர்கள் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள் என்பதால், ஆளைவிட ஆட்டத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

முதல் நாளே ஆறு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சேர்க்கைக் கட்டணம் தனி. உடையும் வாளும் அவர்களிடமே வாங்க வேண்டும். மூன்றாவது மாதம் ‘முதல் டான்’ என்ற தகுதிநிலைக்கான தேர்வு, அதற்கும் கட்டணம். சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான், இது எந்தப் பள்ளியின் மரபு என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “பல பழைய பள்ளிகளைச் சேர்த்து எங்கள் தலைவரே உருவாக்கியது” என்று பதில். பாதியில் விலகியவர்களுக்கு ஒரு யென்கூடத் திரும்பி வரவில்லை.

புதிதாக ஒரு முறையை உருவாக்குவது குற்றமில்லை. அதைப் பழைய மரபு என்று விற்பதுதான் மோசடி. கொர்யூ என்றால் 1868க்கு முன்பே இருந்த பள்ளிகள். அவற்றில் டான் என்ற படிநிலையே கிடையாது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1883இல் அதில் தொடங்கி வைத்த முறை அது. பழைய பள்ளிகளில் மொகுரோகு, மென்க்யோ, கைடென் என்று ஏட்டு வழியாகவே அனுமதி தருவார்கள், அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும்: வாளை உறையிலிருந்து உருவி வெட்டும் கலையான இயாய்டோ கற்றால் டான் உண்டு. ஈஷின்-ர்யூ போன்ற இயாய் மரபைப் பயில்பவர்கள் பலர் அனைத்து ஜப்பான் கெண்டோ சம்மேளனத்தின் 12 பொது வடிவங்களையும் செய்து டான் வாங்குகிறார்கள். அது முறையானதுதான். சான்றிதழில் சம்மேளனத்தின் பெயர் இருக்கும். கூடத்துத் தலைவரின் பெயர் மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம்.

சேருமுன் ‘கெங்காகு’, அதாவது ஓரமாக உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்க்க, அனுமதி கேளுங்கள். நல்ல இடத்தில் பெரும்பாலும் தருவார்கள். “பணம் கட்டினால்தான் உள்ளே” என்றால் அப்படியே கிளம்பிவிடலாம். பார்க்கும்போது கத்தாவில், அதாவது முன்பே வகுத்த அசைவுகளை இருவர் செய்து பழகும் பயிற்சியில், தோற்கும் பக்கம் யார் நிற்கிறார் என்று கவனியுங்கள். பழைய பள்ளிகளில் பொதுவாக மூத்தவர்தான் தாக்கித் தோற்கும் பக்கத்தில் நிற்பார். இடைவெளியையும் நேரத்தையும் அவர் சரியாகக் கொடுத்தால்தான் மாணவனுக்குப் பாடம் ஏறும். மேற்சொன்ன கூடத்தில் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். மாணவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

கத்தாக்களின் பெயரையும் கேட்டுப் பாருங்கள். கடோரி ஷின்டோ-ர்யூ என்ற பழைய பள்ளியில் தொடக்க வாள் பகுதியான ‘ஒமோதே நோ தாச்சி’யில் நான்கு கத்தாக்கள், முதலாவது ‘இட்சுட்சு நோ தாச்சி’. ஒவ்வொன்றும் மூச்சு வாங்கும் அளவுக்கு நீளம். கற்பிப்பவரால் இப்படிப் பட்டியலைச் சொல்ல முடிய வேண்டும். தன் ஆசிரியர் யார், கற்பிக்க அனுமதி எந்த ஆண்டு கிடைத்தது என்பதையும் தயங்காமல் சொல்ல வேண்டும். “அது ரகசியம்” என்பது பதில் இல்லை. நுணுக்கங்கள் ரகசியமாக இருக்கலாம், ஆசிரியரின் பெயர் ரகசியமாக இருக்காது.

வாள் விஷயத்தில்தான் அடி பலமாக விழுந்திருக்கிறது. இயாய்தோ, அதாவது இயாய்டோ பயிற்சிக்கான கூரில்லாத வாள், என்று சொல்லி, சுவரில் மாட்டும் அலங்கார வாளைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் துத்தநாகக் கலப்பு உலோகம், இரண்டிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அலங்கார வாளில் பிடிக்குள் போகும் பகுதி பலவீனமாக இருக்கும். வேகமாக வீசினால் ஆட்டம் கண்டு, அலகு கழன்று எதிரில் இருப்பவர்மேல் பாயலாம். பிடியை இறுகப் பற்றி மெல்லக் குலுக்குங்கள், கடகடவென்று சத்தம் வந்தால் வேண்டாம். நீளமும் ஆளுக்கு ஏற்ப மாறும். 170 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 73 செ.மீ. அலகு பொருந்தும். எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுப்பவர் பயிற்சிக்காக விற்கவில்லை. அதைவிட, புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலான பள்ளிகளில் மரவாளே போதும். முதல் நாளே உலோக வாளை வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பள்ளியைத் தேடத் தொடங்கப் பிப்ரவரியைவிட நல்ல மாதம் இல்லை. 1979இல் தொடங்கிய நிஹொன் கொபுடோ க்யோகாய் என்ற பழைய போர்க்கலைப் பள்ளிகளின் சங்கம் வழக்கமாக அந்த மாதத்தில்தான் டோக்கியோவின் நிப்பொன் புடோகான் அரங்கில் பள்ளிகளைக் காட்சிக்கு வைக்கிறது. நவம்பர் 3 அன்று மெய்ஜி ஆலய வளாகத்திலும் இதுபோன்ற நிகழ்வு உண்டு. அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாத உண்மையான பள்ளிகளும் இருக்கின்றன என்றாலும், கண்ணால் பார்த்து ஒப்பிட இதைவிட வசதி கிடையாது. பிடித்த பள்ளிக்குக் கடிதம் எழுதுங்கள்: யார் நீங்கள், ஜப்பானில் எவ்வளவு காலம் இருப்பீர்கள், வாரத்தில் எந்த நாள் வர முடியும். 90 நாள் விசாவில் வருபவரைப் பல பள்ளிகள் சேர்த்துக்கொள்ளாது. மறுத்தால் வருத்தப்பட வேண்டாம், யோசிக்காமல் உடனே “வாருங்கள்” என்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு: நீங்களே நடந்து போய்க் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்கு 8 நாள் ரத்து உரிமை பொதுவாகக் கிடைக்காது. ஆனாலும் ஒப்பந்தம், ரசீது, விளம்பரத்தின் படம் மூன்றையும் வைத்துக்கொண்டு 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அருகிலுள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைப்பு கொடுப்பார்கள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.