உலகம் அழிகிற இரவு: வீட்டில் பார்க்க 'ஆர்மகெடான்' நல்லதா, 'டீப் இம்பாக்ட்' நல்லதா?

சனிக்கிழமை இரவு. சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்டாயிற்று. "உலகம் அழியுற மாதிரி ஏதாவது படம் போடுங்க மாமா" என்றான் அக்கா பையன். அவனுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு உடனே ஞாபகம் வந்தவை இரண்டு படங்கள். இரண்டுமே 1998-இல் வந்தவை. மே 8-ஆம் தேதி 'டீப் இம்பாக்ட்', ஜூலை 1-ஆம் தேதி 'ஆர்மகெடான்'. கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வானத்திலிருந்து ஒரு பெரும் பாறை பூமியைப் பார்த்து வருகிறது. அதைப் பிளக்க அணுகுண்டோடு ஒரு குழு கிளம்புகிறது. எட்டு வார இடைவெளியில் ஹாலிவுட் இதை இரண்டு தடவை சொன்னது.

அன்றைக்கு 'ஆர்மகெடான்' போட்டேன். மறுநாள் ஞாயிறு, 'டீப் இம்பாக்ட்'. இரண்டையும் அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்தவன் நான். அப்போது என் ஓட்டு யோசிக்காமல் 'ஆர்மகெடான்' பக்கம். வீட்டு ஹாலில் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தபோது அது மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொல்கிறேன். இரண்டு படங்களின் முடிவும் இதில் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் 'ஆர்மகெடான்'. மைக்கேல் பே இயக்கியது, புரூஸ் வில்லிஸ் நாயகன். அந்த ஆண்டு உலகம் முழுக்க மிக அதிகம் வசூலித்த படம் இதுதான். ஆரம்பமே அடிதான்: விண்வெளி ஓடம் சிதறுகிறது, நியூயார்க் தெருவில் நெருப்புக் கற்கள் விழுகின்றன. டெக்சாஸ் மாநிலம் அளவுக்கு ஒரு விண்கல் வருகிறது, இன்னும் 18 நாள்தான் இருக்கிறது என்கிறார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் ஆட்களைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, அந்தக் கல்லில் இறக்கித் துளை போட வைக்கிறார்கள். தோண்டத் தெரிந்தவனை விண்வெளிக்கு அனுப்புவதைவிட, விண்வெளி வீரனுக்குத் தோண்டக் கற்றுக்கொடுப்பது சுலபமில்லையா என்று படத்தில் நடித்த பென் அஃப்லெக்கே இயக்குநரிடம் கேட்டதாகப் பின்னாளில் டிவிடி உரையில் சொல்லியிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் தியேட்டரில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. வருவதற்குப் படம் இடம் கொடுக்கவில்லை.

அந்த வேகம்தான் வீட்டில் தடுமாறுகிறது. இந்தப் படத்துக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ஒன்று பாட்டுக்கு. மற்ற மூன்றும் காட்சி விளைவு, ஒலி, ஒலி விளைவுத் தொகுப்பு. அதாவது படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று ஆஸ்கர் குழுவே சொல்லிவிட்டது: பெரிய திரையிலும் நெஞ்சை அதிரவைக்கும் சத்தத்திலும். வீட்டில் அந்த இரண்டும்தான் முதலில் குறைகின்றன. எங்கள் டிவி 43 அங்குலம். படம் அகலத்திரையில் எடுத்தது என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, திரையின் உயரத்தில் முக்கால் பங்குதான் படத்துக்கு மிஞ்சுகிறது. அந்தச் சின்ன இடத்துக்குள் ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு ஷாட் என்று வெட்டி வெட்டி ஓடினால், விண்வெளி உடைக்குள் இருப்பது யார், எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பிடிபடுவதில்லை. தியேட்டரில் அது நம்மை அடித்துக்கொண்டு போன வெள்ளம். வீட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது.

சத்தம் இன்னும் மோசம். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதனால் இரண்டரை மணி நேரமும் ரிமோட் என் கையை விட்டு இறங்கவில்லை. பேசும்போது கூட்டு, வெடிக்கும்போது குறை. ஒரு கட்டத்தில் டிவியில் இரவு ஒலி அமைப்பைப் போட்டுவிட்டேன். அது பெரிய சத்தத்தை அமுக்கி, பேச்சைத் தூக்கிக் கொடுக்கிறது. வசதிதான். ஆனால் அமுக்கிய சத்தத்தோடு 'ஆர்மகெடான்' பார்ப்பது, தாளம் இல்லாமல் குத்துப் பாட்டு கேட்கிற மாதிரி.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எந்தப் படம் பார்த்தாலும் பயன்படும். டிவி அமைப்புகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அதை அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம் எடுத்த படத்துக்கு நடுவில் டிவியே பிரேம்களை உண்டாக்கிச் செருகுவதால், படம் சீரியல் மாதிரி தெரியும். அப்புறம் ட்யூப் லைட்டையும் அணைக்க வேண்டும். இரண்டு படத்திலும் பாதிக் காட்சி இருட்டில் நடக்கிறது.

சரி, 'டீப் இம்பாக்ட்'. இயக்குநர் மிமி லெடர். இங்கே வருவது விண்கல் இல்லை, வால் நட்சத்திரம். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் நீளம். விஷயம் நமக்குத் தெரிய வருகிற விதமே வேறு. டீயா லியோனி ஒரு டிவி செய்தியாளர். அமைச்சர் ஒருவர் பதவி விலகியதற்கு 'எல்லி' என்ற பெண்தான் காரணம் என்று நினைத்து அவள் துருவுகிறாள். யாரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் முகம் வெளுக்கிறது. கடைசியில் கணினி முன் தனியாக உட்கார்ந்து தேடுகிறாள். அது பெண்ணின் பெயர் இல்லை. ஈ, எல், ஈ என்ற மூன்று எழுத்து. உயிரினங்கள் பூண்டோடு அழிகிற அளவு பேரழிவுக்கு வைத்த சுருக்கப் பெயர். ஒரு அறை, ஒரு திரை, ஒரு முகம், அவ்வளவுதான் காட்சி. எங்கள் ஹாலில் இதைப் பார்த்தபோது மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. இந்தக் காட்சிக்கு 43 அங்குலம் தாராளமாகப் போதும். சொல்லப் போனால், நம் அளவிலேயே இருக்கிற ஒரு முகம் இன்னும் கிட்டத்தில் வருகிறது.

அப்புறம் குலுக்கல். அமெரிக்க அதிபராக மார்கன் ஃப்ரீமன் மக்களிடம் பேசுகிறார். மிசூரி மாநிலத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பத்து லட்சம் பேர் தங்க இடம் கட்டியிருக்கிறோம். இரண்டு லட்சம் பேரை ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டோம். மீதி எட்டு லட்சம் பேரைக் கணினி குலுக்கிப் போடும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் குலுக்கலில் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்பதுக்கு மேலன்னா நான் கிடையாதா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், கையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. அக்கா பையன் அவரைத் திரும்பிப் பார்த்தான். நான் படத்தை நிறுத்தினேன். பத்து நிமிஷம் அதையே பேசினோம், யாரை எடுக்கலாம், யார் முடிவு செய்வது என்று. தியேட்டரில் இது நடக்காது. வீட்டில் பார்ப்பதால் கிடைக்கிற ஒரே பெரிய ஆதாயம் இந்த நிறுத்துகிற பொத்தான்தான் என்று நினைக்கிறேன். 'ஆர்மகெடான்' பார்த்தபோதும் இரண்டு முறை நிறுத்தினேன், ஒரு தடவை காபி போட, ஒரு தடவை போன் வந்ததற்கு.

இரண்டு படத்தின் நெஞ்சும் ஒரே இடத்தில் இருக்கிறது: அப்பா, மகள். 'ஆர்மகெடான்' முடிவில் தூரத்திலிருந்து குண்டை வெடிக்க வைக்க முடியாமல் போய்விடுகிறது. ஒருவர் அங்கேயே தங்கியாக வேண்டும். குச்சி இழுத்ததில் மகளின் காதலன் மாட்டுகிறான். மாமனார் ஆகப்போகிறவர் அவனை உள்ளே தள்ளிவிட்டுத் தான் தங்குகிறார். பிறகு திரை வழியாக மகளிடம் விடைபெறுகிறார். மகளாக நடித்தவர் லிவ் டைலர். படத்தின் அந்தப் புகழ்பெற்ற பாட்டைப் பாடியது அவருடைய சொந்த அப்பா ஸ்டீவன் டைலரின் குழுவான ஏரோஸ்மித். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி உடனே பிடித்துவிடும். தியாகம், கண்ணீர், பாட்டு எல்லாம் வந்தாயிற்று. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. 2018-இல் ஜெயம் ரவி நடித்து வந்த 'டிக் டிக் டிக்' படமும் எனக்கு இந்த வகையறாவாகத்தான் தெரிகிறது.

'டீப் இம்பாக்ட்' அப்பா நல்லவர் என்று சொல்ல முடியாது. மனைவியை விட்டுவிட்டுச் சின்ன வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். மகள் அவரோடு சரியாகப் பேசுவதில்லை. தப்பிக்க ஹெலிகாப்டரில் அவளுக்கு ஒரு இடம் கிடைக்கிறது. அதைச் சின்ன மகளோடு இருக்கிற கூட வேலை பார்ப்பவளுக்குக் கொடுத்துவிட்டு, கடற்கரையில் நிற்கும் அப்பாவைத் தேடிப் போகிறாள். அலை வருகிறது. இருவரும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அம்மா பிறந்தது கடலூர். 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம் தேவனாம்பட்டினத்தில் தெரிந்தவர்கள் வீடுகளுக்குத் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவர். இந்தக் காட்சி வரும்போது நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "ஓடட்டும்" என்றார். பார்த்து முடித்துவிட்டு, "ஏன்டா இந்தப் பொண்ணு ஓடல?" என்றார். ஓடினாலும் பிரயோசனம் இல்லையென்று தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட வந்துட்டா இல்ல" என்றார். இந்த ஒரு வரிக்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டிலும் அந்த டிசம்பரை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், முன்னாலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். கிராபிக்ஸ் இன்றைக்குப் பழசாகத் தெரிந்தாலும் கடல் கடல்தான்.

அறிவியல் பக்கம் பார்த்தால் போட்டியே இல்லை. டைனோசர்கள் அழிந்த காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவில் விழுந்த கல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் விட்டம் என்று கணக்கிடுகிறார்கள். 'டீப் இம்பாக்ட்' வால் நட்சத்திரம் அந்த வரிசையில்தான் வருகிறது. 1994 ஜூலையில் வியாழன் கோளில் மோதிய ஷூமேக்கர்-லெவி வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் இருவரான ஷூமேக்கர் தம்பதி இந்தப் படத்துக்கு ஆலோசனை சொன்னவர்கள். அது தெரிகிறது. வீரர்கள் வால் நட்சத்திரத்தின் மேல் இறங்கி வேலை செய்யும்போது சூரியன் உதிக்கிறது; வெயில் பட்டதும் உள்ளே இருக்கும் பனி ஆவியாகிப் பீறிட்டு அடிக்கிறது; ஒருவர் அப்படியே வெளியில் தூக்கி எறியப்படுகிறார். வெயில் பட்டால் வால் நட்சத்திரம் இப்படிப் பீறிடுவது உண்மை. ஈர்ப்பு அவ்வளவு குறைவு என்பதும் உண்மை: 2014 நவம்பரில் ஃபிலே என்ற கலம் இப்படி ஒன்றில் இறங்கியபோது, பிடித்துக்கொள்ள முடியாமல் பந்து போலக் குதித்துத் தள்ளிப் போய் விழுந்தது.

'ஆர்மகெடான்' கல்லோ டெக்சாஸ் அளவு, 1,000 கிலோமீட்டருக்கு மேல். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் உள்ளவற்றில் மிகப் பெரியதான சீரீஸ் கூட 940 கிலோமீட்டர்தான். அதை 1801-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரியது 18 நாள் முன்பு வரை கண்ணில் படாமல் வராது. படத்தில் 800 அடி தோண்டிக் குண்டு வைத்து இரண்டாகப் பிளக்கிறார்கள். 800 அடி என்பது கால் கிலோமீட்டர்கூட இல்லை. பூசணிக்காயில் குண்டூசி இறக்கிய மாதிரி. இன்றைக்கு உண்மையில் செய்து பார்த்திருக்கிற வழி உடைப்பது இல்லை, தள்ளுவது. 2022 செப்டம்பர் 26-இல் நாசாவின் டார்ட் கலம், 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபோஸ் என்ற குட்டி விண்கல்லில் மோதி, அது தன்னைவிடப் பெரிய ஒரு விண்கல்லைச் சுற்றிவரும் நேரத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது. இரண்டு படமும் முடிந்த பிறகு இதன் உண்மைப் படங்களை அக்கா பையனுக்குக் காட்டினேன். கல் திரை முழுக்க வளர்ந்துகொண்டே வந்து சட்டென்று நின்றுபோகிற அந்தக் கடைசிப் படங்களை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தான்.

'டீப் இம்பாக்ட்' குறை இல்லாத படம் இல்லை. நடுவில் தொய்கிறது. எலைஜா வுட் நடித்த பள்ளிக்கூடப் பையனின் காதல் அவசரத்தில் எழுதினது போல இருக்கிறது. அழிவைப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கடைசிக் கட்டம் வரை ஒன்றும் கிடைக்காது; முதல் அரை மணி நேரத்தில் அக்கா பையன் தண்ணீர் குடிக்க இரண்டு தடவை எழுந்து போனான். பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்திருக்கிற லீவு நாள், நல்ல ஸ்பீக்கர், சத்தத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லாத வீடு என்றால் 'ஆர்மகெடான்' போடுங்கள். பகலில் போடுங்கள். மற்றபடி பெரியவர்களும் உட்காருகிற ராத்திரி என்றால் நான் இனி 'டீப் இம்பாக்ட்' தான் எடுப்பேன். இரண்டு மணி நேரம்தான், பதினொன்றரைக்குள் தூங்கப் போய்விடலாம்.

அந்தப் படத்தில் இன்னொரு காட்சி. சாலை முழுக்க வண்டிகள் அடைத்து நிற்கின்றன, அலை வந்துகொண்டிருக்கிறது. ஒரு தாயும் தகப்பனும் தங்கள் கைக்குழந்தையைப் பெரிய மகளின் கையில் கொடுத்து, பைக்கில் மலைக்கு அனுப்பிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை நான் ஆபீசுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

"அந்தக் கைக்குழந்தை பிழைச்சுதில்ல?"

"பிழைச்சுதும்மா. மலை மேல ஏறிடுச்சு."

"அதான் கேட்டேன்" என்று பாலை இறக்கி வைத்தார்.