உயில் எழுத எங்கள் ஊர் பத்திர எழுத்தர்: போகலாமா?

கோவில்பட்டிப் பக்கம் உயில் எழுத ஆள் தேடுகிறவர்களுக்காக இது. எங்கள் அம்மாவுக்கு 78 வயது. நடக்கிறார், சமைக்கிறார், பேரன் பேத்தி பெயரை மட்டும் மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார். "கூறோட இருக்கும்போதே எழுதிரணும்டி" என்று அவராகவே சொன்னதால்தான் கிளம்பினோம்.

முதலில் போன கடையில் ஆதார் நகலை வாங்கி, கம்ப்யூட்டரில் யாரோ ஒருத்தருடைய பழைய உயிலைத் திறந்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றத் தொடங்கிவிட்டார்கள். "நான் நல்ல திடசித்தத்துடனும், பூரண ஞாபகசக்தியுடனும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி" என்ற வரி அதில் ஏற்கெனவே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவை ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டோம்.

அப்புறம் போனதுதான் இந்த அண்ணாச்சி கடை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, உரிமம் உள்ள எழுத்தர், பேச்சு கொஞ்சம் அதிகம். விஷயத்தைக் கேட்டதும் என்னைப் பார்த்து, "யம்மா, நீ கீழ போயி ஒரு டீ சாப்பிடு. ஆச்சிகிட்ட நான் தனியாப் பேசணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் காரணம் சொன்னார். உயிலில் ஆதாயம் அடைகிற ஆளே முன்னால் நின்று எல்லாம் செய்தால், வழக்கு என்று வரும்போது அதையே சந்தேகமாக எடுத்துக்கொள்வார்களாம். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அடிப்படை என்றார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கவேண்டிய பொறுப்பும், உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்கிறவர் தலையில்தான் விழும்.

உள்ளே அவர் கேட்ட கேள்விகளை அம்மா வீட்டுக்கு வந்து சொன்னார். பிள்ளைகள் எத்தனை, யார் எங்கே இருக்கிறார்கள், நிலம் எவ்வளவு, கிணற்றில் பங்கு என்ன, நான்கு பக்கமும் யார் யார் நிலம், மகனுக்கு ஏன் குறைவு. அம்மா மடமடவென்று சொல்லியிருக்கிறார். கிணற்றில் கால் பங்குதான் என்றும், அதற்குத் தாத்தா காலத்துப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்றும் சொன்னாராம். எங்களுக்கே தெரியாத சங்கதி அது. "பேரு மறந்துபோறது மறதி. என்ன இருக்கு, யாருக்குக் குடுக்கோம், ஏன் குடுக்கோம்னு தெரிஞ்சா அதுதான் புத்தித் தெளிவு. சட்டம் கேக்கது ரெண்டாவதத்தான்" என்றார் அண்ணாச்சி.

அதே வேகத்தில் எனக்கு ஒரு திட்டும் விழுந்தது. அம்மாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று என் தம்பி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எப்போதோ போட்டிருந்தான்; நான் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தேன். "நாளைக்குக் கோர்ட்ல அந்த மெசேஜைத்தாம்மா முதல்ல நீட்டுவாங்க. கிறுக்கு, லூசு, மறை கழண்டுட்டுன்னு வீட்டுல விளையாட்டாச் சொல்லலாம், எழுதக் கூடாது" என்றார். நம் வீடுகளில் உப்புக் கூடினால்கூட "கூறு கெட்டுப்போச்சா" என்றுதான் கேட்போம். அதெல்லாம் ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறும் என்று யார் நினைத்தது?

நாங்கள் இருந்தபோதே ஒருவர் வந்து, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் உயில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக எழுதலாம் என்றார் அண்ணாச்சி. மனநோய் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தாலொழிய. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 இன்னும் ஒரு படி மேலே போய், வழக்கமாகச் சித்தம் கலங்கியிருப்பவர்கூடத் தெளிவாக இருக்கிற இடைவேளையில் உயில் எழுதலாம் என்கிறது. கேட்ட மனிதருக்கு முகம் தெளிந்தது. அவரிடம் காசு எதுவும் வாங்கவில்லை.

டாக்டர் சான்றிதழ் கட்டாயமில்லை, ஆனால் வயதானவர்களுக்கு வாங்கிவிடுங்கள் என்றார். முடிந்தால் அந்த டாக்டரையே இரண்டு சாட்சிகளில் ஒருவராகக் கையெழுத்துப் போடச் சொல்வதும் அவர் யோசனைதான். எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒத்துக்கொண்டார். பரிசோதனையில் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதற்கு அம்மா, "செவ்வா. இன்னைக்கே கையெழுத்து வாங்கிராதீக, நாள் நல்லாயில்ல" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு அங்கேயே சான்றிதழ் எழுதினார்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிட்டோம். அந்த வழக்கமான திடசித்த வரி எங்கள் உயிலிலும் இருக்கிறது. அதற்குக் கீழே அண்ணாச்சி அம்மா சொன்ன காரணங்களையும் சேர்த்திருக்கிறார்: மகனுக்கு டவுனில் வீடு கட்டப் பணம் கொடுத்தாயிற்று, நிலத்தைப் பார்த்துக்கொள்வது மகள். தம்பி படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பணம் கொடுத்த வருஷம்கூட அதில் இருக்கிறதே, என்ன சொல்லுவான்.

குறைகளும் உண்டு. எழுத்துக்கூலியை முதலிலேயே சொல்வதில்லை. கடைசியில் 3,000 கேட்டார். கொடுக்கலாம்தான், ஆனால் முன்கூட்டியே சொன்னால் என்ன? டைப் அடிக்கிற பையன் சர்வே எண்ணின் உட்பிரிவைத் தப்பாக அடித்திருந்தான். நல்லவேளை, அண்ணாச்சி உயிலை அம்மாவுக்கு முழுசாகச் சத்தமாக வாசித்துக் காட்டியபோது அம்மாவே பிடித்துவிட்டார். முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காது, அன்றைக்குப் போனால் ஒரு வார்த்தை பேச முடியாது. மாடிப்படி செங்குத்து, முட்டி வலிக்காரர்கள் கீழே ஜெராக்ஸ் கடையில் சொல்லிவிட்டால் அவரே இறங்கி வருவார்.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் எல்லாம் எடுத்துப் போங்கள். எழுதி வைப்பவரைக் கட்டாயம் நேரில் கூட்டிப் போங்கள், "அவுகளுக்குப் பதிலா நான் சொல்லுதேன்" என்று போனால் திருப்பி அனுப்பிவிடுவார்.