கிளாக் 19, சி.இசட். 75 பி: காகிதத்தைச் சுட எது வேண்டும்?

இரண்டும் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாவைச் சுடும் பிஸ்டல்கள். இரண்டும் நம்பகத்துக்குப் பெயர் வாங்கியவை. அதனால் எது உசத்தி என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஹூஸ்டனில் விடுமுறை நாளில் காகித இலக்கைச் சுடுவதற்கு மேல் எனக்கு இதில் தேவை கிடையாது. இடுப்பில் செருகிக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவர்கள் வேறு மதிப்புரை தேடிக்கொள்ளலாம்.

எங்கள் பகுதித் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் இரண்டையும் வாடகைக்குத் தருகிறார்கள். தோட்டாவை மட்டும் அவர்களிடமே வாங்க வேண்டும், லாபம் அங்கேதான். இரண்டிலும் ஒரே 115 கிரெய்ன் (குண்டின் எடை) தோட்டாவைப் போட்டு, பத்து கஜ தூரத்தில் சுட்டுப் பார்த்தேன்.

கிளாக் 19 ஆஸ்திரியக்காரர்களின் தயாரிப்பு, 1988இல் வந்தது. உடல் பாலிமர் என்ற உறுதியான பிளாஸ்டிக்; தோட்டாக்களை அடைக்கும் மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம்தான். மேகசினில் 15 தோட்டாக்கள். பக்கவாட்டில் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு இல்லை. டிரிகரின் நடுவில் உள்ள சிறு நாக்கை விரல் அழுத்தினால்தான் டிரிகர் நகரும். முதல் சுடுதலிலிருந்து கடைசி வரை டிரிகரின் அழுத்தம் மாறாது என்பதால், புதிதாகக் கற்பவருக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்த டிரிகரில் ஒரு கொழகொழப்பு உண்டு; எப்போது வெடிக்கும் என்று என் விரலுக்குப் பிடிபடவில்லை. பிடியின் சாய்வும் எனக்கு ஒத்துவரவில்லை. இயல்பாகக் கையை நீட்டினால் முனை மேலே பார்க்கிறது, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.

சி.இசட். 75 அன்றைய செக்கோஸ்லோவாகியாவில் ஃபிரான்டிஷெக் கௌட்ஸ்கி வடிவமைத்தது. 75 பி அதன் பிந்தைய வடிவம். முழுக்க எஃகு, ஒரு கிலோ. மற்றப் பல பிஸ்டல்களில் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி, பிடியோடு சேர்ந்த சட்டத்தின் வெளிப்புறமாக ஓடும். இதில் சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது. அதனால் குழல் கைக்கு நெருக்கமாகத் தாழ்ந்து நிற்கிறது. அந்த அமைப்பும் எடையும் சேர்ந்து உதைப்பை விழுங்கிவிடுகின்றன. சுட்டு முடித்துத் தாளை இழுத்துப் பார்த்தபோது துளைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருந்தன. கிளாக்கில் அதே கை அதே தூரத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறடித்திருந்தது.

குறைகளும் உண்டு. ஸ்லைடு உள்ளே ஓடுவதால் பிடித்து இழுக்க வெளியே தெரியும் பகுதி ஒல்லி. வியர்த்த விரல் வழுக்குகிறது. தோட்டாவை வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியல் தாழ்ந்திருக்கும்போது முதல் சுடுதலுக்கு டிரிகரை வெகுதூரம், வலுவாக இழுக்க வேண்டும். என் மனைவியின் விரல்நுனி அங்கே எட்டவே திணறியது. சுத்தியலை ஏற்றிப் பூட்டிவிட்டுத் தொடங்கலாம், அப்போது டிரிகர் பின்னால் வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு கிலோ இரும்பைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கென்ன வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுக் கிளாக்கையே எடுத்துக்கொண்டாள். சிறிய கைக்காரர்கள் அவள் பேச்சைக் கேட்பது நல்லது.

சுத்தம் செய்வதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. கிளாக்கைக் கழற்ற டிரிகரை அழுத்தியாக வேண்டும். மேகசினை எடுத்துவிட்டாலும் குழலறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிய பிறகே அழுத்த வேண்டும். சி.இசட்.டில் அந்தச் சடங்கு இல்லை. ஸ்லைடிலும் சட்டத்திலும் உள்ள இரண்டு கோடுகளை நேராக்கி ஒரு முள்ளைத் தள்ளினால் போதும். அதற்காகக் குழலறையைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. புதியதில் அந்த முள் பிடிவாதம் பிடிக்கும். மேகசினின் அடிப்பாகத்தால் தட்டினேன், நகர்ந்தது.

ஊரிலிருக்கும் மைத்துனர் படத்தைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்றார். இந்தியாவில் 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் வைத்திருப்பவரும் பொதுவாக .32 அங்குல ரகத்தின் பக்கம்தான் போக வேண்டும்.

நான் வாங்கியது சி.இசட். எங்கள் கடையில் அது கிளாக்கைவிட ஏறத்தாழ நூறு டாலர் கூடுதல். உதிரி மேகசின்களும் உறைகளும் கிளாக்குக்கு எங்கும் இறைந்து கிடக்கின்றன, இதற்குக் கொஞ்சம் தேட வேண்டும். பச்சை அட்டைக்காரர்கள், துப்பாக்கி வாங்கும்போது கடையில் நிரப்பும் 4473 என்ற அரசுப் படிவத்தில், தங்கள் ஏ-எண்ணை (குடியேற்றத் துறை தரும் எண்) எழுத வேண்டியிருக்கும். அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பூட்டுள்ள எஃகுப் பெட்டிக்கும் நல்ல காதுமூடிக்கும் தனியாகப் பணம் எடுத்துவைத்துவிட்டு, மீதியில் பிஸ்டலைப் பாருங்கள்.